இடது மூலை

கேபிள்தான் கோளாறு என்று நல்லசிவம் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லியிருந்தான். கேபிள் என்றால் மாற்றினால் தீர்ந்தது. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தின்ற கறிச்சோறு நெஞ்சுவரைக்கும் நிற்க, மகளின் அறையில் மகளின் மேஜைக்கு அடியில் மண்டி போட்டுக் கிடந்தான். மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் போன பிறகு அறை கொஞ்சம் கொஞ்சமாக அவனுடையதாகிவிட்டது, முதலில் ஒரு நாற்காலி, அப்புறம் கம்ப்யூட்டர், அப்புறம் விளையாட்டுக்கென்றே விற்கிற ஸ்டியரிங், இப்போது இந்த மானிட்டர். மேஜையை முழுசாக அடைத்துக்கொண்ட அகலம். ஓரங்கள் லேசாக உள்வாங்கி வளைந்திருக்கும். எதிரே உட்கார்ந்தால் லாரியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரியே இருக்குமுங்க என்று கடையில் சொன்னார்கள், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வாங்கினான். இந்த வயதில் கேம் ஆடுகிற மனுசன் நாமக்கல்லில் நீங்கள் ஒருத்தர்தான் என்று மனைவி பூங்கொடி சிரிப்பாள். சிரித்தாலும் தடுத்ததில்லை. குடிக்கிறானா, சீட்டாடுகிறானா, நாளெல்லாம் லாரி உதிரிபாகக் கடையில் நின்றுவிட்டு வந்து பொய்யான லாரியைப் பொய்யான ரோட்டில் கொஞ்ச நேரம் ஓட்டுகிறான், ஓட்டிவிட்டுப் போகட்டும். லாரிக்காரர்களின் ஊரில் லாரி டிரைவருக்குப் பிள்ளையாகப் பிறந்து, நிஜ லாரியின் ஸ்டியரிங்கை ஒரு தரம்கூடத் தொடாதவன் அவன். தொடமாட்டேன் என்று யாரிடமும் சபதம் செய்ததில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான். பழைய கேபிளைப் பிடுங்கினான், பெட்டியோடு வந்த தடித்த கேபிளைச் சொருகினான், நிமிர்ந்தபோது மேஜை விளிம்பில் பின்கழுத்து, பொடனி, இடித்தது. பொடனி. காலையில் கறிக்கடை வாசலில் அந்தப் பெண் கத்தினாளே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது என்று. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு இடதுபக்கமிருந்து வந்தாள். வந்தாளா, நின்றிருந்தாளா. ஸ்கூட்டரின் கைப்பிடி அவள் கூடையில் உரசி, கூடையிலிருந்து கொத்தமல்லி கீழே விழுந்தது. குழந்தை அழவில்லை. அழாமல் அவனை அண்ணாந்து பார்த்தது. அதுதான் சங்கடமாக இருந்தது. அதை நினைக்க வேண்டாம். மானிட்டரின் பொத்தானை அமுக்கினான்.

வெளிச்சம் வந்தது. வந்த வெளிச்சம் நின்றது. இரண்டு நாளாக, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கறுத்து மறுபடி வந்துகொண்டிருந்த கோளாறு நின்றுபோயிற்று. பார்த்தாயா, கேபிள்தான். பழைய கேபிளுக்கு இந்த மானிட்டரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தெம்பில்லை, நூற்று நாற்பத்துநாலு ஹெர்ட்ஸ் என்றால் சும்மாவா, நொடிக்கு நூற்று நாற்பத்துநாலு தடவை படத்தை மாற்றுகிறது, மனுசக் கண்ணுக்கு எதற்கு அத்தனை. கண்ணுக்கு என்று நினைத்ததும் நினைப்பு அங்கேயே இடறி நின்றது. ஏனென்றால் திரையின் இடது கீழ் மூலையில் அந்த மங்கல் அப்படியே இருந்தது. கேபிளை மாற்றியும் இருந்தது. புகை மாதிரி, கண்ணாடியில் யாரோ வாயை வைத்து ஊதிவிட்டுப் போன மாதிரி. கறுப்பு என்று சொல்ல முடியாது. வெள்ளைத் திரை வைத்தால் சாம்பல், நீலத் திரை வைத்தால் அழுக்கு நீலம். புதுச் சாமானில் இப்படி வரும், திரைக்குப் பின்னாலிருக்கிற விளக்கு ஒரு மூலையில் சரியாக எரியாமல் இருக்கும், இணையத்தில் எத்தனை பேர் புலம்பியிருக்கிறார்கள், படித்திருக்கிறான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தான். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி, பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டுக்கொண்டு பார்த்தான். மங்கல் இருந்தது. அப்படியானால் திரையில்தான் அழுக்கு. மெல்லிய துணி ஒன்றும் பெட்டியிலேயே கொடுத்திருந்தார்கள், அதை எடுத்து இடது மூலையைத் துடைத்தான். மெதுவாக, வட்டம் வட்டமாக. துடைக்கும்போது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கை தெளிவாகத் தெரிந்தது, கைக்கு அடியில் திரை பளிச்சென்று இருந்தது. சரியாகிவிட்டது என்று சாய்ந்து உட்கார்ந்து திரையின் நடுவைப் பார்த்தான். மூலைக்கு மங்கல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது, துரத்தின கோழி மறுபடி தின்னும் இடத்துக்கே வருகிற மாதிரி. மறுபடி துடைத்தான். அப்பாவும் இப்படித்தான் துடைப்பார். சாயந்தரம் வண்டியை வீட்டுக்கு எதிரே காலி மனையில் நிறுத்தினார் என்றால் இறங்கி முதல் வேலையாகப் பழைய தினசரித் தாளை நனைத்து முன்கண்ணாடியைத் துடைப்பார். நடுவில் துடைக்கமாட்டார், இடதுபக்கம்தான் துடைப்பார். பம்பர்மேல் ஏறி நின்று, கழுத்தில் துண்டு தொங்க, ராசப்பன் டிரைவர் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம் கீச்சுக் கீச்சென்று தெரு முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், ஏனுங்க அந்தக் கண்ணாடி தேஞ்சு காணாமப் போயிருமுங்க. அப்பா சிரிக்கமாட்டார். மங்கலா இருக்குதுங்க என்பார். கடைசியில் முதலாளியிடம் சண்டை போட்டுக் கண்ணாடியையே மாற்றினார். புதுக் கண்ணாடி. புதுக் கண்ணாடியையும் துடைத்தார். துணியைக் கீழே வைத்தான் நல்லசிவம். விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன. மின்விசிறிக் காற்றாக இருக்கும்.

கம்பெனிக்காரர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை யார் எடுக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் கூப்பிட்டான். எடுத்துவிட்டாள். இளம் குரல், பெயர் ரெபேக்கா என்றாள், எழுதிவைத்துப் படிக்கிற மரியாதையோடு பிரச்சினை என்னவென்று கேட்டாள். சொன்னான். "இடதுபக்கம் கீழ, ஒரு மூலையில மட்டும் மங்கலா இருக்குதுங்க." அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் செய்தான், அவள் சொன்னதைச் செய்கிறவரைக்கும் நிம்மதியாக இருந்தது, யாரோ ஒருத்தர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற நிம்மதி. வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான். மானிட்டரைக் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அமைப்புக்கே திரும்பக் கொண்டுபோனான். வேகத்தை அறுபதுக்கு இறக்கினான். மங்கல் நகரவில்லை. "அப்ப டிரைவர் பழசா இருக்கும் சார்," என்றாள் அவள். "பழைய டிரைவரை எடுத்துட்டுப் புதுசு போட்டுப் பாருங்க." அவள் சொன்னது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மென்பொருளை, அது அவனுக்கும் தெரியும், ஆனாலும் அந்த வார்த்தை காதுக்குள் நின்று சுழன்றது. பழைய டிரைவரை எடுத்துட்டு. யாரும் எடுக்கவில்லையே. யாராவது ஒருத்தர் எடுத்திருந்தால். முதலாளி எடுத்திருக்கலாம், வண்டியின் இடதுபக்கம் மட்டும் எப்போதும் கீறலாக வருகிறதே என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கிளீனர் எடுத்துச் சொல்லியிருக்கலாம், இடதுபக்கம் எட்டிப்பார்த்துக் கதவைத் தட்டித் தட்டி அப்பாவுக்குக் கண்ணாக இருந்தவர் அவர்தானே. அம்மா சொல்லியிருக்கலாம், தட்டில் இடதுபக்கம் வைத்த பொரியலை அவர் தொடாமலே எழுந்து போனபோது. "சார், லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறேன் என்றான். புது டிரைவர் ஏறியது, கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. மங்கல் இருந்தது. "சரி சார், வெள்ளைத் திரை வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பேனல் கோளாறா இருந்தா மாத்தியே கொடுத்துடுவோம்." மாற்றியே கொடுத்துவிடுவார்கள். செல்போனில் படம் எடுத்து அனுப்பினான். அனுப்பும்போதே தானும் பார்த்தான். கையகலப் படத்தில் மானிட்டர் சின்னதாக, வெள்ளையாக, இடது மூலை வரைக்கும் வெள்ளையாக இருந்தது. செல்போனில் அப்படித்தான் வரும், செல்போன் கேமராவுக்கு என்ன தெரியும். "போட்டோல ஒண்ணும் தெரியலையே சார்," என்றாள் ரெபேக்கா. "நீட்டா இருக்கு. வீட்ல வேற யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்களேன்?" வீட்டில் வேறு யாரும் இல்லை என்றான். பக்கத்து அறையில் பூங்கொடி பீரோவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னோம் என்று போனை வைத்த பிறகும் யோசித்தான். பொய் அதுபாட்டுக்கு வந்துவிட்டது, இருமல் வருகிற மாதிரி.

கேம் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளைத் திரையை முறைத்துக்கொண்டே இருந்தால் இல்லாததும் இருக்கிற மாதிரித் தோன்றும், எதையும் உற்றுப் பார்த்தால் அப்படித்தான். லாரியைக் கிளப்பினான். ஏதோ வெளிநாட்டு நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் பச்சை, மழை விட்ட வானம். ஸ்டியரிங் கைக்குள் லேசாக அதிர்ந்தது, எஞ்சின் உறுமல் நாற்காலிக்கு அடியில் வருகிற மாதிரி இருந்தது, உடம்பு தளர்ந்தது. பார், எவ்வளவு தெளிவு. தார் ரோட்டின் சொரசொரப்பு தெரிகிறது, தூரத்துப் பாலத்தின் கம்பி தெரிகிறது. இரண்டு வாரத்துக்கு முன் பழைய மானிட்டரில் இந்த வானத்தில் கொசு பறந்துகொண்டிருந்தது, கறுப்புப் புள்ளிகளும் நூல்களும், கண்ணை உருட்டினால் கூடவே உருண்டன. பழைய மானிட்டர் போய்விட்டது என்று அதற்குப் பிறகுதான் கடைக்குப் போனான். வானத்தில் இப்போதும் கொசு இருந்ததா. இருந்தது. புது மானிட்டரிலும் அதே கொசு எப்படி வரும். கம்ப்யூட்டரிலிருந்து வரும், அதிலிருக்கிற கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து வரும், எத்தனையோ வழி இருக்கிறது. நேற்றுக் குளியலறையில் விளக்குப் போடும் முன்னால் ஓரத்தில் ஒரு மின்னல் கீற்று ஓடியதே, குளியலறையில் ஏது மானிட்டர். அதிக நேரம் திரையைப் பார்த்த கண்ணில் வெளிச்சம் மிச்சம் நிற்கும், யாருக்கும் நிற்கும். இடதுபக்கம் திரும்புகிற கிளைச் சாலை வந்தது. திருப்பினான். திருப்பினதும் சத்தம், தகரம் கிழிகிற சத்தம், ஸ்டியரிங் கையில் குதித்தது. திரை குலுங்கி நின்றது. ஒரு சிவப்புக் கார், அவனுடைய லாரியின் இடது முன்சக்கரத்துக்கு அடியில் பாதி மடங்கிக் கிடந்தது. நல்லசிவம் வாய்விட்டுச் சொன்னான், "எங்கிருந்துடா வந்தான்? வெறும் ரோடா இருந்துச்சு." சொன்னது அவன்தான். அறையில் வேறு யாரும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் அவனுடையது அல்ல. அதை அவன் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கேட்டிருக்கிறான். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தான், மாமன் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார். அப்பா மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே நிற்கிறவர்கள் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், எங்கிருந்து வந்தான்னே தெரியலீங்க, வெறும் ரோடுங்க, வெறும் ரோடா இருந்துச்சுங்க. திருச்செங்கோட்டு ரோட்டில், சந்தை நாளில், பட்டப்பகலில். சைக்கிளில் மாட்டுக்குப் போடுகிற சோளத்தட்டுக் கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு ரோட்டோரமாகப் போன ஆள். அத்தியப்பன் என்று பேர். அன்றைக்குக் கிளீனர் வரவில்லை, அவருக்குக் காய்ச்சல். லாரியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். புதுக் கண்ணாடி ஒரு கீறல் இல்லாமல் மினுங்கியது. கீழே, இடதுபக்க பம்பரின் இடுக்கில், ஒரே ஒரு சோளத்தட்டு சொருகிக்கொண்டு நின்றது, தோகையோடு, காற்றில் ஆடிக்கொண்டு. யாருமே அதை எடுக்கவில்லை.

கேமை மூடாமலே உட்கார்ந்திருந்தான். நசுங்கின காரின் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது, அதை அவன் காலையிலிருந்தே அறிவான். கேபிளை மாற்றுவதைவிட, டிரைவரை மாற்றுவதைவிட, அந்தப் பெண்ணோடு போனில் பேசுவதைவிடச் சுலபமான சோதனை, எதையும் பிடுங்க வேண்டாம், சொருக வேண்டாம். ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது. அதற்கு முன்னால் மைத்துனன் தினகரைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. பழைய மானிட்டரை அவனுக்குத்தான் கொடுத்திருந்தான், ராசிபுரத்தில் அவனுடைய ஜெராக்ஸ் கடைக்கு. கொசுப் பறக்கிறது, மின்னுகிறது, பரவாயில்லை என்றால் வைத்துக்கொள் என்று சொல்லித்தான் கொடுத்தான். "மாப்ள, அந்த மானிட்டர் எப்பிடி ஓடுது?" "அருமையா ஓடுதுங்க மாமா. ஒரு புள்ளி கிடையாது, ஒரு மின்னல் கிடையாது. நீங்க எதுக்குக் குடுத்தீங்கன்னே தெரியலீங்க." தினகர் சிரித்தான். நல்லசிவமும் சிரித்தான், அப்பிடீங்களா மாப்ள, நல்லா இருந்தாச் சரி என்று. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான். முதலில் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினான், அது சும்மா, அதில் பயமில்லை என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. மூடினதும் திரை முழுசாக, மூலைக்கு மூலை வெளிச்சமாக, கடையில் பார்த்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. அழகான மானிட்டர். அதில் ஒரு குறையும் இல்லை. கையை எடுக்காமலே வெகுநேரம் அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதோடு நிறுத்திவிடலாம் என்று ஒரு நினைப்பு, மெள்ள, காதோரம் வந்து சொல்கிற மாதிரி. நாளைக்குப் பார்க்கலாம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், கண்ணுக்குச் சூடு, நல்லெண்ணெய் வைத்துத் தலைக்குக் குளித்தால் போதும். கையை மாற்றினான். வலது கண்ணை மூடினான். இடதுபக்கம் கீழேயிருந்து ஒரு திரைச்சீலை ஏறி நின்றது. மேஜையின் பாதியை அது விழுங்கியிருந்தது. மேஜையில் கவிழ்த்த போன் இல்லை. அவனுடைய இடது முழங்கை இல்லை. திரைச்சீலையின் விளிம்பு தண்ணீரில் ஆடுகிற துணி மாதிரி மெதுவாக அசைந்தது. கண்ணை அவன் அசைக்காதபோதும் அசைந்தது.

அவனுக்கு இத்தனை வருசமாக ஒரே கேள்விதான். அத்தியப்பன் செத்து ஒரு வருசத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் போட்ட கண் முகாமுக்கு அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள், அவனும் கூடப் போனான். அப்பாவின் இடது கண் செத்து வெகுநாளாகிறது என்று டாக்டர் சொன்னார், கண்ணுக்குள் அழுத்தம், வலது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. எப்போதிருந்து தெரியவில்லை என்று கேட்டார். அப்பா, கண்ணாடிதான் மங்கலுன்னு நெனச்சேனுங்க என்றார். அப்போது அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை, தன் கால்விரலைப் பார்த்தார். தெரியுமா, தெரியாதா. தெரியாமல் ஓட்டினார் என்றால் அது விதி, தெரிந்து ஓட்டினார் என்றால் அது வேறு. அப்பா சாகும்வரைக்கும் அவன் கேட்கவில்லை. கேட்காமலே நெஞ்சுக்குள் இரண்டு அப்பாவை வளர்த்தான், ஒருவர் தெரியாதவர், ஒருவர் தெரிந்தவர், சில நாள் ஒருவர் சாப்பிட வந்து உட்காருவார், சில நாள் மற்றவர். இப்போது உள்ளங்கை வலது கண்ணில் ஒட்டியிருக்க, மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றார். அவருக்குத் தெரிந்தும் இருந்தது, தெரியாமலும் இருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் அதைத் துடைத்துவிட்டு, வண்டியில் ஏறினார். அது எப்படி முடியும் என்று நேற்று யாராவது கேட்டிருந்தால் முடியாது என்றுதான் நல்லசிவமும் சொல்லியிருப்பான்.

"ஏனுங்க, கெளம்பலீங்களா?" பூங்கொடி வாசற்படியில் நின்றாள். பச்சைப் பட்டு, தலையில் பூ, கையில் வளையல் பெட்டியும் தட்டும். அவளுடைய பெரியப்பா பேத்திக்கு வளைகாப்பு, சேந்தமங்கலத்தில். அஞ்சு மணிக்குள் போய்விடலாம் என்று காலையிலேயே பேசி வைத்தது, ஸ்கூட்டரில் அவன் ஓட்ட, பின்னால் அவள் ஒருக்களித்து உட்கார்ந்து வர. அவன் மறந்தே போனான். மறந்தானா. "இன்னுமா இந்தப் பெட்டியோட மல்லுக்கட்டறீங்க? சரியாச்சுங்களா இல்லீங்களா?" "ஆயிருச்சு," என்றான். அதுவும் அதுபாட்டுக்கு வந்தது. எழுந்தான், சட்டை மாட்டினான், பொத்தான் போட்டான், ஒவ்வொன்றும் எப்போதும் போலவே நடந்தது, அதுதான் அதில் பயங்கரம், கை கால் எல்லாம் அதது வேலையைச் செய்கிறது, உடம்பு தன்பாட்டுக்கு ஸ்கூட்டரை நோக்கி நடக்கிறது, யாரும் அதை நிறுத்தவில்லை. சேந்தமங்கலம் ரோடு தெரிந்த ரோடுதானே. மெதுவாகப் போகலாம். இடதுபக்கம் ஒட்டிப் போகாமல் நடுவிலேயே போகலாம். முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டால் அந்தப் பக்கமும் தெரியும். அப்பாவும் கடைசி வருசம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் ஓட்டினார், காது கேட்காதவர் மாதிரி. வாசலுக்கு வந்து வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். பூங்கொடி தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள், அவளுடைய ஒரு கை பழக்கத்தில் அவன் தோளைப் பிடித்தது. சாவியைத் திருப்பினான். அவர்கள் தெருவில் அந்த நேரத்தில் யாருமில்லை. வெறும் ரோடு. வெயில் தாழ்ந்து மஞ்சளாக, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரைக்கும் ஒரு ஈ காக்கை இல்லாமல் வெறும் ரோடாகக் கிடந்தது. அப்போது இடதுபக்கத்திலிருந்து, வெகு பக்கத்தில், ஒரு சைக்கிள் மணி கேட்டது. யாரோ அவர்களைக் கடந்து போனார்கள், முன்னால் வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது, எதிர்வீட்டு வாத்தியார், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவு நேரமும் அவர் அங்கே இருந்திருக்கிறார். நல்லசிவம் வண்டியை அணைத்தான்.

"என்னுங்க?" என்றாள். "பூங்கொடி, எறங்கு." "எதையாச்சும் மறந்துட்டீங்களா?" அவன் இறங்கி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினான். அவளைப் பார்த்தான். அவள் வலதுபக்கம் நின்றதால் முழுசாகத் தெரிந்தாள், பூவில் ஒரு இதழ் காதோரம் ஒட்டியிருந்தது கூடத் தெரிந்தது. "எனக்கு இந்தப் பக்கம் கண்ணுத் தெரியல." சொன்ன குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது, உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி. அவள் முதலில் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். அப்புறம் தட்டைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு, அவனுடைய முகத்துக்கு இடதுபக்கமாகக் கையைக் கொண்டுபோய், விரலை விரித்து, "இது எத்தனைங்க?" என்றாள். கை வந்ததே அவனுக்குத் தெரியவில்லை, வளையல் சத்தம்தான் கேட்டது. அவள் அழவில்லை, கத்தவில்லை. பட்டுப்புடவையோடு தெருமுனைக்கு ஓடினாள், ஒரு வாடகைக் காரோடு வந்தாள்.

சேலத்தில் கண் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு சின்ன டாக்டரம்மா மட்டும் இருந்தாள். சொட்டு மருந்து ஊற்றிக் கண்பாவையை விரித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேலே பாருங்க, கீழே பாருங்க, இடதுபக்கம் பாருங்க என்று வெகுநேரம் பார்த்தாள். விழித்திரை உரிந்திருக்கிறது என்றாள், ஈரச் சுவரில் ஒட்டின காகிதம் ஓரத்தில் கிளம்புகிற மாதிரி. நடுப்பார்வைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, விடியற்காலையில் பெரிய டாக்டர் அறுவை செய்துவிடுவார், இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை. அவர் செய்தார், நல்லபடியாகவே முடிந்தது. டாக்டர் சொன்னபடி பல நாள் கவிழ்ந்தே படுத்துக் கிடந்தான், பூங்கொடி தட்டைத் தரையில் வைத்து ஊட்டினாள். பார்வையில் பெரும்பங்கு திரும்பிவிட்டது, ஓரத்தில் ஒரு கோடு மட்டும் வளைந்தே நின்றது. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தச் சாயங்காலம் அவனுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அவன் டாக்டரம்மாவிடம் தன் கண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டான். கண்ணில் அழுத்தம் வந்து ஓரப்பார்வை போகிறவருக்கு அது போவது தெரியுமா என்று. "பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாதுங்க," என்றாள் அவள், எழுதிக்கொண்டே. "கறுப்பா ஒண்ணும் தெரியாது. காலியிடத்தை மூளையே நெரப்பிரும். அவர் மேல தப்புச் சொல்ல முடியாது." அந்த வார்த்தைக்காக அவன் முக்கால் ஆயுசு காத்திருந்தான். இப்போது அது வந்து, கையில் வாங்க ஆளில்லாத பொருள் மாதிரி அந்த மேஜையின் மேல் கிடந்தது. "அவரு வண்டிக் கண்ணாடியில அந்தப் பக்கத்தை மட்டும் தெனமும் தொடப்பாருங்க," என்றான். டாக்டரம்மா பேனாவை நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள். "அது எனக்குச் சொல்லத் தெரியலீங்க," என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். விரித்த பாவையில் கூடத்து விளக்குகள் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்கு வீங்கித் தெரிந்தன. நர்ஸ் வந்து அவனுடைய இடது புருவத்துக்கு மேல் பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனாள், நாளைக்குக் கண் மாறிவிடக் கூடாதாம். பூங்கொடி அந்த அம்புக்குறியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?" இப்பத்தான், கிளம்பும்போதுதான் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அதை அவன் அமுக்கினான். "போட்டோ எடுத்தப்பவே தெரியும். அதுக்கு முன்னாடியே தெரியும்." "காத்தால கறி வாங்கப் போனப்ப?" "ம்." அவள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. "தெரிஞ்சுமா மத்தியானம் பூராவும் அதைத் தொடச்சிட்டு இருந்தீங்க? நான் ரெண்டு தடவை எட்டிப் பாத்தனே, ரெண்டு தடவையும் தொடச்சிட்டுத்தான இருந்தீங்க. எதுக்குங்க?" கூடத்தில் யாரோ ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள், சக்கரம் கிறீச்சிட்டது. நல்லசிவம் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொடச்சாப் போயிருமோன்னு," என்றான்.